ஆண்டவன் பெயரால்...



2022 மார்ச் 2-ஆம் தேதி தமிழகத்து நகர்மன்றங்களில் புதிய உறுப்பினர்கள் பதவிப் பிரமாணம் எடுத்தார்கள். பேரூராட்சியாக இருந்து நகராட்சியாக உயர்ந்த நம் மதுக்கரையிலும் அவ்வாறே நடந்தது. சில நிமிடச் சடங்குதானே என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஈமான் கொண்டோருக்கு அது சடங்கன்று; அமானிதம்!

சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அமைச்சர்களுக்கும் அரசியல் சாசனத்தின் 3-வது அட்டவணை இரு வழிகளைத் தருகிறது. ஆண்டவன் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். பிரமாணம் எடுக்காமல் சட்டமன்றத்தில் அமர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்கிறது 193-வது பிரிவு. அச்சமும் சலுகையும் இன்றி, விருப்பு வெறுப்பு இன்றி எல்லோருக்கும் நீதி செய்வதாக அமைச்சர் உறுதி கூற வேண்டும். இது நமக்குப் புதிய பாடமா? பகைவரிடமும் நீதி தவறலாகாது என்று அல்மாயிதாவின் 8-வது வசனமும், பெற்றோருக்கும் உற்றாருக்கும் எதிராயினும் நீதியில் நிலைத்து நிற்க வேண்டும் என்று அந்நிஸாவின் 135-வது வசனமும் நமக்கு முன்பே கற்பித்துள்ளனவே!

“வாயால்தான் சொன்னேன், மனத்தில் வேறு நிய்யத்து வைத்தேன்” என்று தப்பிக்க இயலாது. சத்தியம் வாங்குகிறவரின் கருத்துப்படியே சத்தியம் அமையும் என்பது முஸ்லிம் ஷரீபில் வரும் நபிமொழி.

“சத்தியத்தை முறித்தால் கஃப்பாரா இருக்கிறதே” என்பார் சிலர். ஆம், 10 ஏழைகளுக்கு உணவோ உடையோ அளிக்க வேண்டும்; ஏதும் இயலாதவர் 3 நாள் நோன்பு நோற்க வேண்டும். ஆனால் தெருவிளக்குப் பணத்தை விழுங்கியவர் 10 பேருக்குச் சோறு போட்டால் தெருவில் வெளிச்சம் வந்துவிடுமா? அடியார்களின் ஹக்கை அடியார்களிடமே திருப்பித் தரவேண்டும்.

ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், “இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு” என்றபோது, தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கேட்டார்கள். பதவிக்கு வரும் பரிசு எதற்கு வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

இனி நம்மைப் பார்ப்போம். “நம்மாள்தானே” என்று உரிமையோடு சென்று, வரிசையில் நிற்கும் ஏழையை முந்தி நம் குழாய் இணைப்புக்குச் சிபாரிசு கேட்கிறோமே! அவர் சத்தியத்தை அவரே முறிக்கிறாரா, நாம் முறிக்க வைக்கிறோமா? ஓட்டுக்குக் கை நீட்டியவர் பிறகு நீதி கேட்க எந்த வாயைத் திறப்பார்?

வாக்குறுதி நிச்சயமாக விசாரிக்கப்படும் என்பது திருமறையின் எச்சரிக்கை. கொடுத்தவரும் கேட்டவரும் கியாமத்து நாளில் தலை குனியாதிருக்க வல்ல நாயன் தௌபீக் செய்வானாக! ஆமீன்.