கைப்பிடியும் பொத்தானும்: உறுப்பு மாறிய வண்டி எந்த வண்டி?

கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கும் அம்பாசடர் காரின் கதவுக் கண்ணாடியை, கடையில் தனியே விற்கும் மோட்டாரைப் பொருத்திப் பொத்தானால் இயங்கச் செய்வது தேர்ந்த மெக்கானிக் ஒருவருக்குப் பெரிய வேலையன்று. ஆயினும் பழைய வண்டிகளைப் பேணுவோரிடையே அது கிளப்பும் பூசல் வேலையின் அளவைப் பன்மடங்கு மிஞ்சுகிறது. வண்டியே கெட்டுப்போயிற்று என்பார் ஒருவர். கண்ணாடி ஏறி இறங்கும் விதத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது என்பார் மற்றவர். இப்பூசலின் அடியில் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. உறுப்பு மாறிய பின்னும் ஒரு பொருள் அதே பொருளாக நிற்பது எதனால் என்பது ஒன்று. தனக்கு முன்பும் பிறர் கையில் இருந்து, தனக்குப் பின்பும் பிறர் கைக்குப் போகவிருக்கும் பொருளின்மீது இன்றைய உடைமையாளருக்கு உரிமை எதுவரை என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கண்டுவிட்டால் இரண்டாவது தானே தீரும் என்று இரு தரப்பாரும் கருதுவதே பூசல் ஓயாமைக்குக் காரணம்.

மாற்றம் எவ்விடத்தில் நிகழ்கிறது என்பதை முதலில் காண்பது நன்று. கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் உறையைக் கழற்றினால் தெரிவது ரெகுலேட்டர் எனப்படும் எளிய பொறி: கைப்பிடியின் அச்சிலுள்ள சிறு பற்சக்கரம், விசிறி வடிவில் வெட்டப்பட்ட பெரிய பற்சக்கரத் துண்டைத் திருப்ப, அதனோடு இணைந்த இரும்புக் கை கண்ணாடியின் அடிச்சட்டத்தை மேலே தள்ளுகிறது. எல்லா வண்டிகளுக்கும் பொதுவாக விற்கப்படும் பவர் விண்டோ தொகுப்புகளில் ஒருவகை, இந்தப் பொறியை அப்படியே விட்டுவிட்டுக் கைப்பிடி இருந்த அச்சின்மேல் மோட்டாரைக் கவ்வ வைப்பது. மற்றொரு வகை, பொறியையே எடுத்துவிட்டு, வடத்தால் கண்ணாடியை இழுக்கும் புதிய தடத்தைக் கதவுத் தகட்டில் துளையிட்டு முடுக்குவது. இரண்டிலும் மின்னோட்டத்தின் திசையைப் பொத்தான் மாற்றுவதால் மோட்டார் இருபுறமும் சுழல்கிறது. கதவுக்கும் கதவைத் தாங்கும் தூணுக்கும் இடையே மின்கம்பி ரப்பர் குழாய்க்குள் சென்றாக வேண்டும் என்பதால், எந்த வகையானாலும் கீல் பக்கத்தில் விரல் பருமனுள்ள துளைகள் தேவைப்படலாம். ஆல்டர்னேட்டருக்கு முந்திய டைனமோ வண்டிகளில், இன்ஜின் மெதுவாக ஓடும்போது மின்னாக்கம் குறைந்துவிடுவதால் மோட்டாரின் சுமை பாட்டரியின்மீது விழுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி, இவ்வளவு மாறிய வண்டி பழைய வண்டிதானா? இந்தியத் தத்துவ மரபில் இக்கேள்விக்கு மிகக் கடுமையான விடை தந்தவர்கள் நியாய, வைசேடிகச் சிந்தனையாளர்கள். (தமிழில் மணிமேகலை விரித்துரைக்கும் சமயங்களுள் வைசேடிகமும் ஒன்று.) உறுப்பை அவயவம் என்றும், உறுப்புகள் சேர்ந்து உண்டாகும் முழுமையை அவயவி என்றும் அவர்கள் அழைத்தனர். முழுமை என்பது உறுப்புகளின் வெறுங் குவியலன்று. அவற்றில் பிரிக்கவொண்ணாதபடி உறையும் தனிப்பொருள். உறைதலாகிய அந்த உறவே சமவாயம். இக்கொள்கையின்படி துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து புதிய துணி ஒன்று தோன்றுகிறது. அம்பாசடரின் ரெகுலேட்டரை எடுத்த கணத்தில் பழைய வண்டி மறைந்தது என்றே கொள்ள வேண்டும். தூய்மை வேண்டுவோர்க்கு இது உவப்பாகத் தோன்றலாம். ஆனால் தேய்ந்த வைப்பர் ரப்பரை மாற்றினாலும் இதே விடைதான் வரும். எல்லா மாற்றத்தையும் அழிவென்று கூறும் கொள்கையால், தகும் மாற்றத்தையும் தகா மாற்றத்தையும் பிரித்துக் காட்ட இயலாது.

மறுகோடியில் நிற்பது பௌத்தம். மிலிந்த பஞ்ஹ என்னும் பாலி நூலில், தேரில் வந்திறங்கிய மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்னும் துறவி, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரன்று, அனைத்தும் சேர்ந்ததற்கு வழக்கில் இட்ட பெயரே தேர் என்று மன்னனைக் கொண்டே ஒப்புக்கொள்ள வைக்கிறார். பெயர் வழக்கைச் சார்ந்ததென்றால், வண்டி அதேதானா என்பதை முடிவு செய்பவர் பெயரிடும் அதிகாரம் பெற்றவரே. நடைமுறையில் அப்படித்தான் நடக்கிறது. 2021ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாக ஏற்பதற்கு, அது மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்றும், சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரும் மறுசீரமைப்புக்கு உள்ளாகியிருக்கக் கூடாது என்றும் கூறுகின்றன. செலவைக் குறைக்க டீசல் இன்ஜின் ஏற்றிய அம்பாசடர்கள் இந்த வரையறையின்முன் தடுமாறும். பொத்தான் கண்ணாடி பெயர் சொல்லித் தடுக்கப்படவில்லை. சட்டத்துக்கு எங்கேனும் ஒரு கோடு கிழித்தாக வேண்டும். ஆனால் கோடு கிழிக்கப்பட்ட இடமே பொருளின் உயிர்நிலை என்று கொள்ள நியாயமில்லை.

மூல வடிவம் என்பதும் அத்தனை உறுதியான தளமன்று. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் பிறந்த அம்பாசடர், 2014இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா எனத் தன்னைத்தானே மாற்றிக்கொண்டே வந்தது. 1990களில் இசுசு நிறுவன வடிவமைப்பிலான இன்ஜினையும் ஏற்றது. பொத்தான் கண்ணாடி அந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்ற வாதமும் எளிதில் நிற்பதில்லை: அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் கைப்பிடியில்லாக் கண்ணாடியை 1940இலேயே வண்டியில் தந்துவிட்டது.

இருகோடிகளுக்கும் நடுவே வழி காட்டுவது சமணம். பொருளைத் திரவியம் என்றும், அது கொள்ளும் நிலைகளைப் பரியாயம் என்றும் பிரித்து, தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒரே பொருளில் ஒருங்கே உள்ளன என்பது சமணர் கோட்பாடு. காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்திப் பேசும் சமந்தபத்திரர், தமது ஆப்தமீமாம்சையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார்: பொற்குடத்தை அழித்து மகுடமாக்கினால் குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவன் இரண்டுமின்றி நடுநிலையில் நிற்கிறான். கைப்பிடியை விரும்புவோர், பொத்தானை விரும்புவோர், ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்போர் ஆகிய மூவரையும் இங்கே அடையாளம் காண்பது எளிது. மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை என்பதே இவ்விளக்கத்தின் சிறப்பு. வண்டி நிலைத்தும் இருக்கிறது. அதில் ஒன்று அழிந்தும் இருக்கிறது.

அழிந்தது இரும்புத் துண்டு மட்டுமன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கைப்பிடியைச் சுற்றும் கைக்குக் கண்ணாடியின் நிலை தெரியும்: ஓடுதடத்தின் ரப்பர் காய்ந்திருந்தால் சுற்று கனக்கும், கண்ணாடி தடம் விலகினால் கை தானே நின்றுவிடும். மோட்டாருக்கு இந்த அறிவில்லை. அது முறுக்கிக்கொண்டே போய்ப் பல்லை உடைக்கும், குழந்தையின் விரல் இடையில் இருந்தாலும் நிற்காது (தடை கண்டால் பின்வாங்கும் வசதி மலிவான தொகுப்புகளில் இருப்பதில்லை). மேலும், கைப்பிடி வண்டியில் அவரவர் கண்ணாடி அவரவர் ஆட்சியில் இருந்தது, பின்னிருக்கைப் பெரியவரிடம், "ஐயா, கொஞ்சம் கண்ணாடியை ஏத்திக்கிறீங்களா?" என்று ஓட்டுநர் கேட்டாக வேண்டும். நான்கு கதவுகளுக்குமான பொத்தான்கள் ஓட்டுநர் பக்கம் வந்தபின் கேட்கத் தேவையில்லை. இவ்வளவும் பரியாயமே, ஆயினும் அற்பமான பரியாயம் அன்று. தோள்மூட்டு வலியால் கைப்பிடியைச் சுற்ற முடியாத முதியவருக்கு, சொந்த வண்டியில் காற்று வாங்கும் உரிமையைத் திருப்பித் தருவதும் அதே மாற்றம்தான் என்பதால், இழப்பை மட்டும் எடை போடுவதும் நேர்மையாகாது.

சமந்தபத்திரரின் எடுத்துக்காட்டில் குடம் உருகிய பின் அதே குடம் மீள்வதில்லை. காரில் மீளலாம், மீளாமலும் போகலாம். இரண்டாம் கேள்வியாகிய உரிமையின் எல்லை இந்த இடத்தில்தான் விளங்குகிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டுரின் சாசனம், பயன்பாட்டுக்காகச் செய்யும் மாற்றங்கள் இயன்றவரை திரும்பப் பெறத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றும், கழற்றிய முக்கிய மூல உறுப்புகள் வண்டியோடே வைத்துக் காக்கப்பட வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. எது மூலம் என்ற தீராத வழக்கைத் தீர்க்க முயலாமல், அடுத்து வருபவர் தமக்கான விடையைத் தாமே தேர்ந்துகொள்ள இடம் விடுவதால் இப்பரிந்துரை மேலானது. அதன்படி, தேவை மெய்யாக இருக்குமிடத்தில், மின்கம்பிக்கான துளைகளுக்கு மேல் வேறு வெட்டு வேண்டாத, அச்சின்மேல் கவ்வும் வகை மோட்டார் ஏற்கத்தக்கது; கதவுத் தகட்டை வெட்டியும் துளைத்தும் பொருத்தும் வகை, எவ்வளவு நன்றாக ஓடினாலும், தகாதது. கழற்றிய கைப்பிடிகளை எந்தக் கதவுக்குரியவை என்று எழுதிப் பொதிந்து டிக்கியில் வைத்திருந்து, வண்டி கைமாறும் நாளில் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துக் கொடுப்பது உடைமையாளரின் கடமை.