தகப்பன் கொடுத்தனுப்பிய அப்பம்

பதினேழரை வயசு முடிந்ததும் அக்னிவீரர் பயிற்சிக்குப் பிள்ளைகள் போகலாம். 2022-ல் வந்த திட்டம். 4 வருஷ சேவை. மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிற வெலிங்டனுக்கு மகன் புறப்படுகிறான். சபையிலே சாட்சி சொல்லும்போது சந்தோஷம். வீட்டிலே அவன் சாப்பிட்ட தட்டைப் பார்த்ததும் கண்ணீர். "நான் அழுதா அது அவிசுவாசமா?" என்று தாய்மார் கலங்குகிறார்கள்.

ஈசாயைப் பாருங்கள் (1 சாமுவேல் 17). வயது சென்றவன். எலியாப், அபினதாப், சம்மா என்னும் மூத்த குமாரர் மூவரும் சவுலோடே யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். கோலியாத்தோ 40 நாள் சவால் விடுகிறான். தகப்பன் என்ன செய்தான்? வறுத்த பயறும் 10 அப்பங்களும் தாவீதிடம் கொடுத்து, பிள்ளைகள் சுகமா என்று பார்த்து, ஓர் அடையாளம் வாங்கிவரச் சொன்னான். அந்தத் தவிப்பை வேதம் குற்றமாய் எழுதவில்லை. அதைச் சுமந்துபோன தாவீதைக் கொண்டே தேவன் ஜெயம் கொடுத்தார். அல்லேலூயா!

அம்மா, அழுங்க, ஆனா முழங்காலிலே அழுங்க. பயிற்சியிலே நினைத்த நேரம் போன் பேச முடியாது. கிடைக்கிற அஞ்சு நிமிஷத்தில் "திரும்பி வந்துடுப்பா" என்று அவனைத் தளரப்பண்ணாதிருங்கள். அவன் பேரைச் சொல்லி ஜெபித்து வையுங்கள். அப்பம் கொடுத்தனுப்ப முடியாத இடத்துக்கும் ஜெபம் போகும்.

சபையாரே, இந்த வாரமே அப்படிப்பட்ட வீட்டுக்குப் போங்கள். அந்தத் தகப்பனோடு உட்கார்ந்து, பிள்ளையைப் பற்றி விசாரியுங்கள். கர்த்தர் நம் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.