அபயகிரியில் எழுந்த ஐயம்

தலயாத்திரை என்றவுடன் நம் குடும்பங்களில் சிரவணபெளகுளமும் சம்மேதசிகரமும் ஊர்ஜயந்தகிரியுமே நினைவில் எழும். அங்கெல்லாம் சென்றால் உள்ளத்தில் பக்தி உண்டாகும், ஐயம் உண்டாவதில்லை. நம்முடையன அல்லாத தலங்களைக் காணச் செல்வதற்குத்தான் தனியானதோர் ஆயத்தம் வேண்டும் என்பதை எழுபது வயது கடந்த பின்னரே யான் அறிந்துகொண்டேன்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மகள் குடும்பத்தாருடன் இலங்கையின் பழம்பெரு நகரங்களைக் கண்டு வந்தேன். நாங்கள் முதலில் சென்ற பொலன்னறுவையில் பௌத்த விகாரங்களுக்கு அருகிலேயே சோழர் காலத்து வானவன் மாதேவி ஈசுவரம் குலையாமல் நிற்கிறது. அதன் பின் தம்புள்ளைக் குகைகள், மிகிந்தலைப் படிகள், இறுதியில் அநுராதபுரம். யாத்திரை செல்ல எண்ணும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: காய்கறி உணவு என்று பரிமாறப்படுவதிலும் மாசிக் கருவாட்டுத் தூள் கலந்திருக்கக் கூடுமாதலால் கேட்டுக் கேட்டே உண்ணுதல் வேண்டும். பொழுது சாய்வதற்குள் உண்ணும் நம் நோன்பின் பொருட்டு எங்கள் வண்டிக்காரர் நாள்தோறும் வழியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். அவர் பௌத்தர்.

அநுராதபுரத்தின் வடபால் உள்ளது அபயகிரி. மலையன்று, செங்கல்லால் எழுந்த பெருந்தூபி. கல்லூரியில் பயிலும் என் பெயரன் அதனை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மலையே இல்லாத இடத்திற்குக் கிரி என்று ஏன் பெயர் வைத்தார்கள், பாட்டி?” என்று கேட்டான். அக்கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் விடை சொன்னேன். அபயன் என்பது அரசன் பெயர். கிரி என்பது நம் முனிவர் ஒருவர் பெயர். இவ்விடத்தில் முன்பு சமணப் பள்ளி இருந்தது. அரசன் அதனை இடித்துவிட்டு விகாரம் கட்டினான் என்றேன். பிள்ளையின் முகம் மாறிவிட்டது. “அப்படியானால் இது நம் இடம்தானே? ஏன் ஒருவரும் கேட்கவில்லை?” என்றான்.

அவன் குரலில் இருந்த சினம் எனக்குப் புதியதன்று. பல்லாண்டுகள் எங்கள் ஊர் ஜினாலயத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடத்திய தரும வகுப்பில் இக்கதையை நான் அதே குரலில்தான் சொல்லி வந்தேன். விதைத்தவளே விளைச்சலைக் கண்டு திகைத்தேன்.

கதையை முழுமையாகக் கூறிவிடுகிறேன். மகாவம்சம் என்னும் பாலி நூலின்படி, அநுராதபுரத்தை அமைத்த பண்டுகாபயன் ஜோதியர் என்னும் நிகண்டருக்கு ஓர் இல்லம் அமைத்தான். கும்பண்டர் என்பவருக்கு ஒரு கோட்டம் எடுத்தான். கிரி என்னும் நிகண்டரும் அப்பகுதியில் வாழ்ந்தார். நிகண்டர் என்பது நிர்கிரந்தராகிய நம் முனிவரையே குறிக்கும். ஆசீவகர்க்கும் அந்தணர்க்கும்கூட அவ்வரசன் இடம் தந்தான். கடல் கடந்து அறம் சென்றது எவ்வாறு என்று வியப்பதற்கும் இடமில்லை. மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில் முனிவர் தங்கிய குகையின் தமிழ்ப் பிராமி எழுத்துகளில் ‘ஈழக் குடும்பிகன்’ ஒருவன் குறிக்கப்படுகிறான்.

பின்னர் ஏறத்தாழ கி.மு. 103இல் தமிழ்த் தலைவர் எழுவர் மாதோட்டத்தில் படையுடன் இறங்கினர். அரசன் வட்டகாமணி அபயன் போரில் தோற்றுத் தேரில் ஏறி ஓடினான். தேரில் கருவுற்றிருந்த அரசி அநுலாவும் சிறுவர் இருவரும் இருந்தனர். தேரின் பாரம் குறையட்டும் என்று மற்றோர் அரசியான சோமதேவி தன் இசைவோடு வழியில் இறங்கிவிட்டாள். பகைவர் கையில் அகப்படுவோம் என்று அறிந்தே இறங்கியிருப்பாள். அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மேலே படிக்க ஓடுவதில்லை.

அரசன் ஓடுவதைக் கண்ட கிரி, அவனுடைய கரிய நிறத்தையும் சேர்த்து இகழ்ந்து, இதோ ஓடுகிறான் என்று உரக்கக் கூவினாராம். மீண்டு வந்தால் இவ்விடத்தில் விகாரம் அமைப்பேன் என்று அரசன் அப்போதே உறுதி பூண்டான். தமிழர் ஐவர் 14 ஆண்டு 7 மாதம் ஆண்டபின் அவன் மீண்டான், பள்ளியை இடித்தான், 12 அறைகள் கொண்ட விகாரம் எழுப்பினான். தன் பெயரோடு கிரியின் பெயரையும் அதற்குச் சூட்டினான்.

எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஒரு விதி சொல்லித் தந்தார்கள்: கதையைச் சுருக்கலாம், திரிக்கலாகாது. நான் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில் பள்ளி உண்டு, இடிப்பு உண்டு. கிரியின் கூவல் இல்லை. சுருக்கினேன் என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

ஓர் இகழ்ச்சிச் சொல்லுக்காகப் பள்ளியை இடிப்பது அறமாகுமோ? ஆகாது. அரசனுக்காக வாதாட நான் வரவில்லை. ஆயினும் மொழிச்சமிதி காக்க வேண்டிய முனிவர், உயிர் தப்ப ஓடும் மனிதரைக் கண்டு எள்ளினார் எனில் அது நம் அறத்திற்கு அடுத்ததா? விரட்டியவர்கள் தமிழர், எள்ளியவர் நம் சமயத்தவர். இரு வகையாலும் உறவுடைய நான் அந்தத் தேரின் பக்கம் நின்று ஒருநாளும் இக்கதையைக் கேட்டதில்லை.

அறிஞர் சிலர் மறுப்புக் கூறுவர். மகாவம்சத்தை இயற்றியவர் மகாவிகாரத்தைச் சேர்ந்த துறவி. நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் கழிந்து எழுதியவர். மகாவிகாரத்திற்கோ அபயகிரியோடு தீராப் பகை. ஆதலின் கிரியின் கூவல் கட்டுக்கதையாகவும் இருக்கலாம் அன்றோ என்பர். இருக்கலாம். ஆனால் அங்கு நமக்கொரு பள்ளி இருந்தது என்பதையும் அந்நூலே சொல்லுகிறது. நம் நூல் எதுவும் ஜோதியரையும் கும்பண்டரையும் இவ்வாறு நினைவில் வைத்துத் தந்ததாக நான் படித்ததில்லை. உரிமைக்குச் சான்று வேண்டும்போது அந்நூலை ஏற்பதும், குற்றத்திற்குச் சான்றாகும்போது அதனைத் தள்ளுவதும் சத்திய அணுவிரதம் பூண்டவர்க்குத் தகுமோ? ஏற்பதாயின் இரண்டையும் ஏற்க வேண்டும்; ஐயுறுவதாயின் இரண்டையும் ஐயுற வேண்டும்.

நம் நாட்டிலும் இதே நிலைதான். சர்வநந்தி முனிவர் கி.பி. 458இல் லோகவிபாகத்தை எழுதி முடித்த பாடலிபுரத்துப் பள்ளி இடிக்கப்பட்டு, அக்கற்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுந்தது என்று கூறுவது பெரியபுராணம். நாவுக்கரசருக்குச் சமணர் இழைத்த கொடுமைகளைக் கூறுவதும் அதே பெரியபுராணம். முதலாவதை மனப்பாடமாகச் சொல்லும் நாம், இரண்டாவதைப் புனைவு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். இதை எழுதுவதற்கு என் கை சற்றுத் தயங்கியது உண்மை.

இடித்துக் கட்டியவர்க்கேனும் அவ்விடம் நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. சீன யாத்திரிகர் பாஹியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபோது அபயகிரியில் 5,000 துறவியர் இருந்தனர் என்று குறித்துள்ளார். அங்குள்ள புத்தர் உருவின் முன் வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக்கக் கண்டு, தம் நாட்டை நினைந்து கண்ணீர் விட்டாராம். அவர்க்கு முன்னரே, மகாசேனன் காலத்தில் மகாவிகாரம் இடிக்கப்பட்டு அதன் பொருள்கள் அபயகிரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு சங்கங்களை ஒன்றாக்கியபோது அபயகிரியின் தனி மரபு முடிந்தது. பிறகு அதனைக் காடு மூடியது. இதில் யாருடைய இடம் என்பதற்கு எந்த ஆண்டைக் கணக்கில் கொள்வது?

பெயரனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னது வேறு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1985 மே மாதத்தில் இதே அநுராதபுரத்தில், பேருந்து நிலையத்திலும் போதி மரத்தின் அருகிலும் வழிபட வந்த எளிய மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ‘எம் இடம்’ என்னும் சொல் இந்நாட்டில் எவ்வளவு தொலைவு சென்றது என்பதை நினைத்துக்கொண்டு பேசு, அப்பா என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. உடன்பட்டான் என்றும் சொல்ல மாட்டேன். வழிநெடுகச் சாளரத்தின் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்று மாலை சமாதி நிலைப் புத்தரைக் கண்டோம். முக்குடை இல்லை, மார்பில் ஸ்ரீவத்சம் இல்லை, இடத்தோளில் ஆடையின் மடிப்பு உண்டு. நம் பகவான் அல்லர் என்று அறிவு சொல்லிக்கொண்டிருக்கக் கைகள் குவிந்துவிட்டன. தேவமூடம் என்று கண்டிப்போர் கண்டிக்கலாம். நான் வணங்கியது தெய்வத்தையா, அமைதியையா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறேன். துட்டகாமணி தான் போரில் கொன்ற எல்லாளனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்வழிச் செல்வோர் இசையை நிறுத்திச் செல்லுமாறு பணித்ததும் இந்நகரில்தான். பகைவன் எனக் கருதியவனுக்கும் அவ்வளவு செய்ய அவனுக்கு மனம் வந்தது.

ஊர் திரும்பிய மறு ஞாயிறு, முழங்கால் வலியையும் பாராது தரும வகுப்பிற்குச் சென்று, கிரியின் கதையை அவர் கூவலோடும் சோமதேவியோடும் சேர்த்துச் சொன்னேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “முனிவர் ஏன் சிரித்தார்?” என்று கேட்டாள். அவர் சிரித்தார் என்று நூலில் இல்லை, கூவினார் என்றே இருக்கிறது என்று திருத்தினேன். “சரி, ஏன் கூவினார்?” என்று அவள் மீண்டும் கேட்டாள். மற்றப் பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.