என் பேரு எங்க மச்சான்?

பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு கன்ட்ரி மியூசிக் அமெரிக்காவிலிருந்து வந்த விஷயமாகத் தெரியாது. பக்கத்துத் தெரு ஆங்கிலோ-இந்திய அங்கிள் வீட்டிலிருந்து வந்த விஷயம் அது. டிசம்பர் பிறந்தால் அங்கே ஜிம் ரீவ்ஸ் பாட ஆரம்பித்துவிடுவார். சில பாட்டுகளில் குரலுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டே போகிற ஒரு கம்பி ஓசை இருக்கும். அது என்ன வாத்தியம் என்று தேடிப் போனதில்தான் டோப்ரோவுக்கும், ஜெர்ரி டக்ளஸுக்கும் வந்து சேர்ந்தேன்.

டோப்ரோவை மடியில் படுக்கப்போட்டு வாசிக்க வேண்டும். இடது கையில் ஒரு இரும்புக் கட்டை. அதைக் கம்பிமேல் நகர்த்தினால் சுரம் வழுக்கும். சித்திரவீணைக் கச்சேரி பார்த்தவர்களுக்கு அந்தக் கை அசைவு புதிதாக இருக்காது. வித்தியாசம் கிடாரின் வயிற்றுக்குள் இருக்கிறது. 1920களில் மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் இல்லாத மேடைகளில் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கிடார் யார் காதுக்கும் எட்டவில்லை. ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோப்யேரா, கிடாருக்குள் ஒரு மெல்லிய அலுமினியக் கூம்பைப் பொருத்தினார். கம்பி அதிர்ந்தால் கூம்பு அதிரும். நாம் கேட்பது கூம்பின் சத்தத்தைத்தான். ஆனால் யாரும் 'கூம்பு வாசிக்கிறார்' என்று சொல்வதில்லை.

டக்ளஸ் 1956இல் ஒஹையோ மாநிலத்தின் வாரன் நகரத்தில் பிறந்தார். அப்பா எஃகு ஆலைத் தொழிலாளி. வேலை முடிந்தால் ப்ளூகிராஸ் குழுவில் வாசிப்பவர். என் அப்பா ஐ.சி.எஃப்.இல் வெல்டர். அதனாலேயே எனக்கு இந்த மனிதர்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. டக்ளஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்களில் வாசித்திருக்கிறார். அதில் பெரும்பாலானவற்றின் அட்டையில் வேறு யாரோ பெயர்தான் இருக்கும். 2012இல் 'டிராவலர்' என்று தன் பெயரில் ஓர் ஆல்பம் போட்டார். அதில் எரிக் கிளாப்டன், பால் சைமன், அலிசன் கிராஸ், டாக்டர் ஜான், மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ் என்று வரிசையாக விருந்தினர்கள். சோலோ ஆல்பம் என்று பெயர். உள்ளே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குக் கூட்டம்.

அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. நானே ஒரு 'சோலோ' போட்ட பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது.

இரண்டு வருஷம் முன்னால் ஐந்து பாட்டு பதிவு செய்தேன். வீட்டு மாடி அறை, ஜன்னலில் போர்வை, ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுத்தது. மூன்றாவது பாட்டு நிற்கவே இல்லை. பள்ளிக்கூட நண்பன் ஒருவனைக் கூப்பிட்டேன். கானா வாசிக்கிறவன், பெரும்பாலும் சாவு வீடுகளில். இரண்டு நாள் வந்தான். டோலக்கில் அவன் போட்ட ஒரு நடையில் பாட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தது. பிரியாணி வாங்கிக் கொடுத்தேன், பஸ்சுக்குக் காசு கொடுத்தேன். ஆல்பம் வெளியானபோது 'எழுத்து, இசை, கிடார், குரல்' என்று என் பெயரை மட்டும் போட்டேன். கேட்டவர்கள் எல்லாரும் மூன்றாவது பாட்டைத்தான் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து டீக்கடையில் பார்த்தேன். “வீட்ல காமிச்சேன். இன்னாடா, உன் பேரே காணோம்னாங்க. என் பேரு எங்க மச்சான்?” கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டான். “நீ கெஸ்ட்டு தானடா” என்று நானும் சிரித்தேன். அவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

விருந்தாளிக்குச் சோறு போட்டால் கணக்கு முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன் போல. ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளி சுவர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனால் அவரை என்னவென்று சொல்வது?

இதற்கு ஒரு சுலபமான பதில் இருக்கிறது. கலை யாருக்கும் சொந்தமில்லை, எல்லாமே கூட்டாகச் செய்வதுதான். டோப்ரோவின் கதையே அதற்குச் சாட்சி. கட்டையை வழுக்கி வாசிக்கும் முறை ஹவாயிலிருந்து வந்தது, கூம்பு ஸ்லோவாக்கியக்காரருடையது. ஆரம்ப கால ப்ளூகிராஸில் டோப்ரோவே கிடையாது; 1955இல் ஜாஷ் கிரேவ்ஸ், ஃப்ளாட் - ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்த பிறகுதான் அதற்கு அங்கே ஓர் இடம் கிடைத்தது. அப்படியானால் 'என்' பாட்டு, 'உன்' நடை என்று சண்டை எதற்கு?

இந்தப் பதிலை நான் நம்பாததற்குக் காரணம் அப்பா. அதே 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்துவைத்த தொழிற்சாலை ஐ.சி.எஃப். ஒரு ரயில் பெட்டியில் எத்தனையோ பேர் கை படும். வெளியே வரும்போது அதில் ஒரே பெயர்தான் இருக்கும்: ஐ.சி.எஃப். ஊருக்குப் போகும்போது பிளாட்பாரத்தில் அப்பா பெட்டியின் பக்கவாட்டை ஒருமுறை தடவிப் பார்ப்பார். “இந்த மாதிரி ஜாயின்ட்டு நான் எத்தனை போட்டிருக்கேன் தெரியுமா” என்பார். அவருக்கு வருத்தமெல்லாம் இல்லை, பெருமைதான். ஆனாலும் 'எல்லாருடையது' என்று சொல்லும்போது ஒவ்வொருவரும் காணாமல் போய்விடுகிறார்கள் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. 'கலை எல்லாருக்கும் பொது' என்று சொல்பவரின் பெயர் பெரும்பாலும் அட்டையில் ஏற்கெனவே இருக்கும். நானும் அந்த இடத்திலிருந்துதான் பேசினேன்.

சரி, அப்படியானால் எல்லார் பெயரையும் போட்டால் போதுமா? 'டிராவலர்' ஆல்பத்தை மறுபடி எடுத்தபோது இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கிளாப்டன் பெயரைப் போடாமல் யாராவது விடுவார்களா? அந்தப் பெயர் ஆல்பத்தை விற்கும். டக்ளஸ் அதற்காகப் போட்டார் என்று சொல்ல மாட்டேன். அவர் மனசு எனக்குத் தெரியாது. ஆனால் என் மனசு தெரியும். என் மாடி அறைக்கு ஒரு பிரபலம் வந்து நாலு தட்டு தட்டியிருந்தால், அவர் பெயரை என் பெயருக்கு மேலேயே போட்டிருப்பேன். நண்பனின் பெயரால் எனக்கு எந்த லாபமும் இல்லை. மறதி என்று பலரிடம் சொன்னேன். மறதிக்கு இவ்வளவு கச்சிதமாக ஆள் பார்க்கத் தெரியாது. திருப்பி எதையும் தராத பெயரை எழுதுகிறோமா என்பதில்தான் நன்றி இருக்கிறது. மற்றதெல்லாம் வியாபாரம். வியாபாரம் தப்பில்லை, அதை நன்றி என்று சொல்லிக்கொள்வதுதான் தப்பு.

அட்டைப் பெயரே பொய் என்றும் நான் நினைக்கவில்லை. பாட்டு மோசமாக இருந்தால் யாரைத் திட்டுவார்கள்? டோலக் வாசித்தவனை இல்லை. யார் பெயர் மேலே இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சோலோ என்ற சொல்லை அப்படிப் படித்தால் எனக்குச் சரியாக வருகிறது. அவர் தனியாகச் செய்தார் என்று அதற்கு அர்த்தமில்லை. வாசித்த மற்றவர்களுக்கும் சேர்த்து அவர் பொறுப்பு.

கர்னாடகக் கச்சேரியில் 'தனி' என்றால் என்ன என்று பாருங்கள். தனி ஆவர்த்தனம் பாடகருக்கு இல்லை; மிருதங்கம், கடம் வாசிப்பவர்களுக்கு. அது ஆரம்பித்ததும் சபையில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போய்விடுவார்கள். போஸ்டரில் பெயர் போட்ட பாடகர் எழுந்து போக முடியாது. பக்கவாத்தியக்காரர்கள் முடிக்கும்வரை தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய ப்ளூகிராஸ் குழுக்களும் அப்படித்தான்: நடுவில் ஒரே மைக், ஒருவர் முன்னே வந்து வாசித்தால் மற்றவர்கள் பின்னே நகர்ந்து தாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மைக்கை விட்டு எப்போது நகர வேண்டும் என்பதும் வித்தையில் சேர்த்திதான்.

டக்ளஸ் அந்த ஆயிரம் ஆல்பங்களில் செய்ததும் பெரும்பாலும் இதுதான். அடுத்தவர் பாட்டில் தன் முறை வரும்வரை காத்திருந்து, வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவது. எனக்கு அந்த அனுபவமே இல்லை. யாருக்கும் தாளம் போடாமல் நேராக சோலோவுக்கு வந்தவன் நான்.

போன மாதம் அந்தப் பக்கத்தில் 'டோலக்' என்று எழுதி அவன் பெயரைச் சேர்த்தேன். இரண்டு நிமிட வேலை. இரண்டு வருஷம் செய்யவில்லை. அதற்குள் கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெயரைப் பார்க்க யாரும் திரும்பி வரப்போவதில்லை. அந்தப் பாட்டில் வந்த கொஞ்சப் பணத்தில் அவன் பங்கைக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டு எண்ணிப் பார்த்துப் பாக்கெட்டில் வைத்தான். “அடுத்த வாரம் ஒரு வீட்ல வாசிக்கிறோம், கிடார் எட்த்துனு வரியா?” என்றான்.

போகிறேன். அங்கே யார் பெயரும் போட மாட்டார்கள். நான் பின்னால் உட்கார்ந்து வாசிப்பேன்.