மறுமுனையில் ஒருவர்

கொஞ்சம் இடம் கொடுத்தால் நிறையச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்படுவது எழுதுகிறவனின் பிறவிக் குணம். பத்திரிகை ஆசிரியர் இரண்டு பக்கம் என்றால் நாம் இரண்டரைப் பக்கம் எழுதி அனுப்புவோம். அவர் அரைப் பக்கத்தை வெட்டுவார். நமக்கு இரண்டு நாள் வருத்தமாக இருக்கும். வெட்டியதனால் கட்டுரை நன்றாக அமைந்துவிட்டது என்பதை வெளியே ஒப்புக்கொள்ளவும் மாட்டோம்.

இந்தச் சங்கடம் பேனாக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தேன். மணிமுத்தாற்றைச் சேர்ந்த ஓர் இளைய நண்பர் அப்படி இல்லை என்றார். அவர் 2006-ல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் காலத்துச் சின்னச் செல்போன்களுக்குள் ஓடும்படியாக விளையாட்டு, பாட்டு, படம், ராசிபலன், கேள்வி-பதில் போட்டி முதலியவற்றைத் தயாரிப்பது அவர் தொழில். அந்தத் தொழிலில் இதற்கு 'ரிச் கன்டென்ட்' என்று பெயராம். ஜோடனை செய்த சரக்கு என்று நான் தமிழ்ப்படுத்தியபோது அவர் சிரித்தார். பிறகு, "அண்ணாச்சி, பத்து ரூபாய்க்கு டாப்-அப் பண்ணுதவன் போனுக்குள்ளே இத்தனை ஜோடனையும் கொண்டு திணிச்சோமே, அது சரிதானா?" என்று கேட்டார்.

தொழில்நுட்பக் கேள்வி என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இது பழைய தர்மக் கேள்விதான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

முதலில் அந்தக் கருவியைப் பாருங்கள். 2003-ல் வந்து நம் ஊர்ச் சந்தை தோறும் பரவிய நோக்கியா 1100-ன் திரை, குறுக்கே 96 புள்ளி, நெடுக்கே 65 புள்ளி. வண்ணம் கிடையாது. விளக்கு உண்டு, இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்குப் பேச்சைவிட அந்த விளக்கே உபயோகமாக இருந்தது. சற்று வசதியான ஜாவா போன்களில் ஒரு முழு விளையாட்டையும், அதன் படம், சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து, 64 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. இன்று கல்யாண வீட்டில் எடுத்து அனுப்புகிற ஒரே புகைப்படம் அதைப் போல் பல மடங்கு இடம் பிடிக்கிறது.

எஸ்.எம்.எஸ். விஷயம் இன்னும் சுவையானது. 1985-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்பவர் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மனத்தில் தோன்றிய வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். மனிதர்கள் சாதாரணமாகச் சொல்ல விரும்புவது 160 எழுத்துக்குள் முடிந்துவிடுகிறது என்று கண்டார். அதுவே உலகத்துக்கு அளவாயிற்று. ஆனால் அவர் எண்ணியது ரோமன் எழுத்து. தமிழில் அனுப்பினால் 160 இடம் 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த எழுபதும் முழுசாகக் கிடைக்காது. 'மணிமுத்தாறு' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. இயந்திரமோ கொம்பையும் சுழியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிப் பதினொன்று என்று கணக்கு எழுதும். அந்தக் கணக்கில் ஒரு செய்திக்குத் தமிழில் சுமார் நாற்பது எழுத்துத் தேறினால் அதிகம். அதற்கு மேல் போனால் இரண்டாவது செய்தி, இரண்டாவது கட்டணம். தாய்மொழியில் பேச விரும்பினால் இரட்டிப்புக் காசு! போன்களில் தமிழே தெரியாதிருந்த அந்நாளில், மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005-ல் சிங்கப்பூரில் வெளியாகித் தமிழில் செய்தி அனுப்ப வழி செய்தது. அதைச் சின்னக் காரியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்படிப்பட்ட சிறு கருவிக்குள் சரக்கு அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவே ஒரு வேடிக்கையான உறவு உண்டாகிறது. பேசுகிறவர் ஒருவர், கேட்பதற்குக் காசு கொடுக்கிறவர் இன்னொருவர். நண்பர் ஓர் உதாரணம் சொன்னார். அவருடைய நிறுவனம் தயாரித்த ஒரு சேவையைத் திறந்தவுடன் நிறுவனத்தின் சின்னம் அழகாகச் சுழன்று வரும். அது 20 கிலோபைட். அப்போது பத்துக் கிலோபைட்டுக்குப் பத்துப் பைசா கட்டணம். ஆக, திறக்கும்போதெல்லாம் இருபது பைசா, இவர்கள் பெயரை இவர்களே பறைசாற்றிக்கொள்வதற்காக அந்த மனிதரின் கணக்கிலிருந்து போயிற்று. அதை எடுத்துவிடலாம் என்று இவர் சொன்னாராம். அது இல்லாவிட்டால் நம்மை யாருக்குத் தெரியும் என்று மேலதிகாரி கேட்டாராம். சின்னம் சுழன்றுகொண்டே இருந்தது.

இருபது பைசாவில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதே வழியில்தான் பெரிய கொள்ளையும் வந்தது. ஐந்து இலக்க எண்ணிலிருந்து ஒரு செய்தி வரும். என்னவென்று தெரியாமல் ஒரு பொத்தானை அமுக்குவார். மறுநாள் முப்பது ரூபாய் குறைந்திருக்கும். கடையில் போய்ச் சண்டை பிடிப்பார். கடைக்காரருக்கும் ஒன்றும் தெரியாது. இது நாடெங்கும் நடந்தது. கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2013 ஜூலையில், எந்தக் கட்டணச் சேவையையும் தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை சம்மதம் பெற வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஒரு தடவை 'சரி' என்றதை நம்ப முடியாத அளவுக்குத் தொழில் கெட்டிருந்தது என்றுதானே அதற்குப் பொருள்?

இதையெல்லாம் கேட்டு, பாட்டும் படமும் ஏழையிடம் காசு பறிக்கும் சூழ்ச்சி, மழையும் விலைவாசியும் மட்டும் அனுப்பியிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க அப்பா விவசாயிதான். மாசம் முப்பது ரூபாய் குடுத்து அவுக ஆசைப்பட்ட பாட்டைக் காலர் டியூனா வச்சிருந்தாக. கூப்பிடுதவங்க எல்லாரும் அதைக் கேக்கணும்னு ஒரு சந்தோஷம். ஏழைன்னா உர விலை மட்டுந்தான் கேக்கணுமா அண்ணாச்சி?"

நியாயமான அடி. பிறருக்கு எது நல்லது என்று தீர்மானிக்கும் சபலம் படித்தவர்களுக்கு அதிகம். கதை எழுதிப் பிழைக்கிறவன் பொழுதுபோக்கைக் குறை சொல்வதும் அழகல்ல. ஆனால் கதை வாங்குகிறவர் அட்டையில் விலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார். பிடிக்காவிட்டால் மூடி வைக்கிறார். அடுத்த வாரம் அவர் வாங்காமலே பத்திரிகை வீடு தேடி வந்து சட்டைப் பையில் கை விடுவதில்லை. நண்பருடைய தந்தை விலை தெரிந்து பாட்டை விரும்பினார். அது அவருடைய சுகம். பொத்தானை அமுக்கிய இன்னொருவர் ஒன்றுமே விரும்பவில்லை. இரண்டு பேரிடமும் எடுத்தது அதே முப்பது ரூபாய்தான்.

நல்ல எண்ணத்தோடு செய்தவர்களும் இருந்தார்கள். 2007-ல் இஃப்கோ நிறுவனமும் ஏர்டெல்லும் சேர்ந்து விவசாயிகளுக்குத் தினமும் ஐந்து குரல் செய்திகளை இலவசமாக அனுப்பத் தொடங்கின. எழுத்துத் தெரியாதவரும் காது கொடுக்கலாம். 2009-ல் வந்த 'நோக்கியா லைஃப் டூல்ஸ்' இணையம் இல்லாமல், எஸ்.எம்.எஸ். வழியாகவே, சின்னச் சின்னப் படக்குறிகளோடு வானிலையும் சந்தை விலையும் தந்தது. மாதம் 30 ரூபாய், 60 ரூபாய் என்று விலையும் வெளிப்படை. அது 2013-க்குப் பிறகு நடக்கவில்லை.

ஆனால் இவற்றையும் மணிமுத்தாற்றில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 118 அடி கொள்ளும் இந்த அணையிலிருந்து புறப்படும் பிரதானக் கால்வாயை நான்கு 'ரீச்'சாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த வருஷம் எந்த ரீச்சுக்கு முதல் தண்ணீர் என்பது முறை. கடைசி ரீச்சில், நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்தில் குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, பிசானத்துக்கு நாற்றங்கால் போடலாமா வேண்டாமா என்பது ஒரே கேள்வி. அம்பை 16 நெல்லின் குணாதிசயங்களைப் பற்றி அழகான படத்தோடு பாடம் அனுப்பினால் அவர் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது, "மடை என்றைக்குத் திறக்கும்?" என்று தாம் கேட்பதற்கு ஓர் இடம். அதைக் கேட்கத்தான் அவர் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மச்சானைக் கூப்பிடுகிறார். மச்சான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார்.

பொத்தானை அமுக்கினால் படம் மாறுவதை இந்தத் தொழிலில் 'ஊடாட்டம்' என்கிறார்கள். எனக்கு அது போதாது என்று படுகிறது. அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தால்தான் அது உரையாடல். 2004 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய கிஸான் கால் சென்டரில் படமும் இல்லை, அலங்காரமும் இல்லை. விவசாயி கேட்பார், மறுமுனையில் ஒருவர் அவர் மொழியில் பதில் சொல்வார். எந்த மலிவான போனிலும் அது ஓடியது.

சின்னதாக இருப்பதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. எஸ்.எம்.எஸ். பேச்சுப் போகிற பாதையில் போவதில்லை. அழைப்பை ஏற்பாடு செய்யும் கட்டளைகள் போகிற ஒற்றையடிப் பாதையில் மிஞ்சிய இடத்தில் நுழைந்து போகிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரை புரண்டபோது, பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, கோபுரங்களும் ஊமையாயின. அம்மாதிரி நேரத்தில், ஓரிழை சிக்னலில் படம் நகராது. நாலு சொல் நகர்ந்தாலும் நகரும்.

சொல்கிறவனுக்குப் பொறுப்பு மிகவும் கனப்பது கடற்கரையில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காம், டாட்டா டெலிசர்வீசஸ் ஆகியவற்றோடு சேர்ந்து 2007-ஐ ஒட்டி மீனவருக்கென்று ஒரு கைபேசிச் சேவையைக் கொண்டுவந்தது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய இடம், கரையில் விலை, இவ்வளவுதான். தவறாக 'போகலாம்' என்றால் உயிர் போகும். தவறாக 'போகாதே' என்றால் ஒரு நாள் பிழைப்புப் போகும். அதைவிட, அடுத்த முறை அவர் நம்ப மாட்டார். எழுதுகிறவரோ நனையாத தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

அதே நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்துக் கிராமங்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தி, கடலோர ஊர்களில் ஒலிபெருக்கியும் வைத்திருந்தது. நல்லவாடு அப்படி ஓர் ஊர். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் மீனவர் மகன் ஒருவர், சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று வீட்டார் சொன்னார்கள். உடனே ஊரைவிட்டு ஓடுங்கள் என்றார். சேதி மையத்து ஒலிபெருக்கியில் ஊர் முழுவதும் கேட்டது. புள்ளிவிவரம் இல்லை, படம் இல்லை. நின்று விளக்கம் கேட்காமல் ஜனங்கள் ஓடினார்கள், உயிர் தப்பினார்கள். பேசியது யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியும்.