தன்னையும் மறைக்கும் இருள்

"இனக்காழ்ப்பு என்பது, ஒரு மக்களினத்தாரை அவர்தம் பிறப்பையும் நிறத்தையும் கொண்டு, ஆராய்வதற்கு முன்பே தாழ்ந்தவர் என முடிவுகட்டும் மனப்போக்கு. அதனை உடையவன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டால் போதும், அது தானே தேய்ந்துவிடும் என்கின்றனர். வாய்மை பிறழாதவனுக்கு இதில் என்ன இடர் இருக்க முடியும், ஐயா?" என்று சீடன் வினவினான்.

குரு சொன்னார்: "வாய்மைக்கே பெயர்பெற்ற ஒருவரை வைத்து இதனை ஆராயலாம். காந்தியடிகள் 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். மறு ஆண்டில் அவர் முயற்சியால் நேட்டால் இந்தியக் காங்கிரசு தோன்றியது. டர்பன் தபால் நிலையத்தில் வெள்ளையருக்கு ஒரு வாசலும், ஆப்பிரிக்கர், இந்தியர் ஆகிய இரு சாராருக்கும் சேர்த்து மற்றொரு வாசலும் இருந்தன. இந்தியர் இதனை எதிர்த்து முறையிட்டனர். வேறுபாடு ஒழியவில்லை, மூன்றாவதாக ஒரு வாசல் வந்தது. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையில் இந்தியருக்கென ஒரு வாசல் கிடைத்ததை, காங்கிரசின் 1895ஆம் ஆண்டு அறிக்கை ஓரளவு நிறைவு தந்த பயனாகவே குறித்தது. அந்த நடுவாசலில் நுழைந்தோரில் தமிழர் மிகப் பலர் என்பதையும் மறக்கலாகாது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பலான ட்ரூரோ 1860இல் சென்னையிலிருந்தே டர்பனை அடைந்தது. அந்த அறிக்கைக்கு அடுத்த ஆண்டு, 1896இல், பம்பாயில் பேசிய காந்தியடிகள், இந்தியரை ஆப்பிரிக்கரின் நிலைக்குத் தாழ்த்த முயல்கின்றனர் என்பதையே பெருங்குறையாக எடுத்துரைத்தார். வேட்டையும் சோம்பலுமே வாழ்வாகக் கொண்டவர் என்று ஆப்பிரிக்கரை வருணித்தார். அவர்களைக் குறிக்க அன்று அவர் ஆண்ட சொல் இன்று அந்நாட்டில் நாவில் எடுக்கத் தகாத வசை."

"ஆனால் தம் குற்றங்களை அவரைப் போல் அம்பலப்படுத்தியவர் வேறு யார்? சத்திய சோதனை முழுவதும் அதுதானே?" என்றான் சீடன்.

"அதனால்தான் அவரை எடுத்துக்கொண்டது. 1925 முதல் 1929 வரை வார இதழில் தொடராக வந்த அந்நூலில், ஒளிந்து புலால் உண்டது, தமையனின் காப்பிலிருந்து பொன் திருடியது, தந்தை உயிர்விட்ட வேளையில் காமத்தால் அருகில் இல்லாமற்போனது எல்லாம் இருக்கின்றன. அதே டர்பன் நகரில், தம் வீட்டில் தங்கியிருந்த, பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த எழுத்தர் ஒருவரின் மூத்திரச் சட்டியை எடுக்கக் கஸ்தூரிபா மனம் கூசியபோது, அவர் கையைப் பற்றி வாயிற்கதவு வரை இழுத்துச் சென்ற கொடுமையும் இருக்கிறது. தபால் நிலையத்து மூன்றாம் வாசலைப் பற்றிய வருத்தம் மட்டும் அங்கு இல்லை. மனைவியை இழுத்துச் சென்றதை ஊரறிய எழுதியவருக்குத் துணிவு போதவில்லை என்று சொல்ல இயலாது. மூன்றாம் வாசல் குற்றமாக அவர் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவே."

சீடன் இதனை எளிதில் ஏற்கவில்லை. தன் நெஞ்சு அறியாத குற்றம் தன்னிடம் எப்படி இருக்க முடியும் என்று கேட்டான்.

"சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை, அதாவது உயிரைத் தொன்றுதொட்டுப் பற்றிய அறியாமையை, இருளினும் கொடியது என்னும். புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருள் என்பதையேனும் காட்டும். ஆணவம் பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்று திருவருட்பயன் விளக்குகிறது. இனக்காழ்ப்பும் அத்தகையது. அதனை உடையவனுக்கு அது வெறுப்பாகத் தோன்றுவதில்லை, உலகறிவாகவே தோன்றுகிறது. எனவே களவை ஒப்புக்கொள்வது போல் இதனை ஒப்புக்கொள்ள இயலாது. களவாடியவன் தான் களவாடியதை அறிவான்."

"அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எண்ணினர் என்று அமைதி கூறலாமே?"

இது காந்தியடிகளைக் குறித்த மேடைகளில் எல்லாம் ஒலிக்கும் விடை, கேட்பதற்கு நியாயமானதும்கூட. குரு அதனை ஒரே வாக்கியத்தில் மறுத்தார்: "அந்த 'எல்லோரும்' என்பதில் அக்காலத்து ஆப்பிரிக்கர் இருந்தனரா என்று பார்."

பிறகு அவர் தொடர்ந்தார்: "அவர் மாறவில்லை என்று கொள்ளாதே. 1906இல் சூலு மக்களின் கிளர்ச்சியை அரசு ஒடுக்கியபோது, பேரரசுக்கு உதவும் எண்ணத்தோடு காயம்பட்டோரைச் சுமக்கும் அணியைத் திரட்டிச் சென்றார். சென்ற இடத்தில் கசையடி பட்ட சூலுக்களின் புண்கள் சீழ்பிடித்துக் கிடந்தன. வெள்ளையர் அவற்றைத் தொட மறுத்தனர். அவற்றைக் கழுவும் பணி இந்தியரிடம் வந்தது. எந்தத் தரப்புக்காகச் சென்றாரோ அந்தத் தரப்பின் மீதான அவரது நம்பிக்கை அங்கே ஆட்டங்கண்டது. 1908 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் பேசியபோது, எல்லா இனங்களும் கலந்து உலகம் காணாத ஒரு நாகரிகம் எழலாம் என்றார். ஆயினும் அதே ஆண்டின் தொடக்கத்தில், சிறையில் ஆப்பிரிக்கரோடு சேர்த்து வைக்கப்பட்டதைப் பொறுக்கமாட்டாமல் எழுதியவரும் அவரே. மனமாற்றம் நேர்கோட்டில் நடப்பதில்லை."

"நெல்சன் மண்டேலாவே அக்காழ்ப்புகளைக் காலச்சூழலில் வைத்து மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாரே, வழக்கு அதோடு முடிந்ததன்றோ?"

"மன்னிப்பது மண்டேலாவின் உரிமை. 2016இல் கானா பல்கலைக்கழகத்தில் காந்தி சிலை திறக்கப்பட்டதை எதிர்த்து முறையிட்ட பேராசிரியர்கள் மன்னிக்க மறுத்ததும் அவர்களது உரிமையே. 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. இரண்டும் இழிவுபடுத்தப்பட்டோர் தரப்பின் முடிவுகள். மண்டேலா தந்த மன்னிப்பை எடுத்துத் தன் மீது பூசிக்கொள்ள இந்தியனுக்கு எவ்வுரிமையும் இல்லை. அது கிடக்கட்டும். உன் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் வாடகைக்குக் கேட்டு வருகிறார். என்ன செய்வாய்?"

சீடன் தயங்கி, "வெறுப்பு ஏதுமில்லை, ஐயா. ஆயினும் கொடுக்கத் தயக்கம் வருகிறது. போதைப்பொருள், வம்பு வழக்கு என்று ஏதேனும் நேருமோ என்னும் முன்னெச்சரிக்கைதான்" என்றான்.

"அந்த முன்னெச்சரிக்கைக்குச் சான்று எது? அறியும் வழிகளை நம் முன்னோர் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். காண்டல் நேரில் அறிவது. அப்படி எந்த ஆப்பிரிக்கரோடும் நீ பழகியதில்லை. கருதல் என்பது புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போல், விட்டு நீங்காத தொடர்பு கொண்டு அறிவது. தோல் நிறத்துக்கும் குற்றத்துக்கும் அத்தொடர்பு இல்லை. உரை என்பது நம்பத்தக்கவர் சொல். உனக்கு அதைச் சொன்னவர் யார்?"

"திரைப்படங்கள்" என்றான் சீடன். "போதைப்பொருள் கடத்தும் கூட்டத்தில் கறுப்பு அடியாளாக நிற்பவரைத் தவிர வேறு ஆப்பிரிக்கரைத் தமிழ்ப் படங்களில் பார்த்த நினைவில்லை."

"இப்போது சொன்னாயே, இதுதான் ஒப்புதல். 'மனிதர் எல்லோரிடமும் ஏதோ ஒரு சார்பு இருக்கத்தான் செய்யும்' என்று பொதுப்படச் சொல்வதில் எந்தச் செலவும் இல்லை. எந்த எண்ணம், எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்கு வீடு கிடைக்காமற்போகிறது என்று சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு."

"அந்த மாணவரிடமே சென்று இதைச் சொல்லிவிடலாமா?"

"வேண்டாம். வீடு தேடி அலைபவர் உன் குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமந்து, உனக்கு ஆறுதலும் சொல்ல வேண்டியிருக்கும். அவராகக் கேட்டால் மழுப்பாதே. மற்றபடி, அந்த எண்ணம் விளைந்த இடத்தில் பேசு: 'அவர்களுக்கெல்லாம் விடாதே' என்று தரகர் காதோடு சொல்லும்போதும், பக்கத்து வீட்டார் தலையசைக்கும்போதும், வாடகைப் பேச்சு நடக்கும் உன் வீட்டுத் திண்ணையிலும். மாணவருக்குத் தேவையானது சாவியும், மற்றவரிடம் வாங்கும் அதே முன்பணமும்."