அவன்ட்ட கேட்டியா?

செம்பட்டியில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் கடப்பைக்கல் பதித்த தட்டுகள் நான்கு இருக்கின்றன. வீடு கட்டும்போதே கொத்தனார் வைத்தவை. அந்த வீட்டுக்கு எவள் வரப்போகிறாள் என்று தெரியும் முன்பே அவளுக்கு எங்கே இடம் என்று முடிவாகியிருந்தது. கூடத்துச் சுவரில் ஷோகேஸ். அதில் மகன் வாங்கிய கோப்பைகள், மாமனார் படம். என் புத்தகங்களும் நோட்டுகளும் பீரோவில், சேலைகளுக்கு அடியில் கிடந்தன.

கூடத்தில் அவற்றுக்கு ஒரு பலகை அடிக்கப் போகிறேன் என்றதும் மாமியார் கேட்டார்: "அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டியாத்தா?"

கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா? சுவர் எல்லாருக்கும் பொது. கூடி வாழ்கிறவர்கள் கேட்டுச் செய்வது நல்ல பழக்கம்தான். ஆனால் அவர் டிவி மாட்ட நான்கு துளை போட்ட அன்று அவரும் யாரிடமும் கேட்கவில்லை. "கேட்டியா" என்று அவரை யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் கேட்டால் அது கலந்து பேசுவது. ஒருத்தி மட்டும் கேட்டால் அதற்குப் பெயர் அனுமதி. வாடகைக்கு இருப்பவர்தான் ஆணி அடிக்க அனுமதி கேட்பார்.

பிறந்த வீட்டுச் சுவராவது என்னுடையதா? இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது. 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு மாற்று விடுதலைப் பத்திரம். "சீர் செஞ்சாச்சுல்ல" என்பார்கள்; கையெழுத்துப் போடுவோம். நானும் போட்டேன்.

பீரோ இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். நத்தம் வழியாகப் போனால் வருகிற துவரங்குறிச்சியில்தான் கவிஞர் சல்மா, எழுதியதை வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். அவருடைய முதல் தொகுப்பு 2000இல் வந்தது. ஒளித்து வைக்க இடம் இருப்பதும், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைக்க இடம் இருப்பதும் ஒன்றல்ல.

பலகை, உடைந்த கட்டிலில் மிஞ்சிய வேப்பம்பலகை, மூன்றடி. ஹார்டுவேர் கடையில் எல் ஆங்கிள் கேட்டபோது "மாட்டுறது யாரு?" என்றார்கள். மாட்டக் கற்றுக்கொடுத்தது பக்கத்துத் தெரு அக்கா. முப்பது வருஷம் சித்தாளாக இருந்தவர். கலவை சுமந்து, ட்யூப் லெவலின் ஒரு முனையைப் பிடித்தபடி கொத்தனார் வேலை முழுவதையும் பார்த்தே கற்றவர். கரண்டியை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. ஆங்கிளின் நீளக் கால் சுவரில், குட்டைக் கால் பலகைக்கு அடியில். மேல் ஸ்குருவைத்தான் பாரம் வெளியே இழுக்கும். அது பூச்சோடு நின்றால் பூச்சோடு பெயர்ந்து வரும், செங்கல்லுக்குள் போக வேண்டும். ட்யூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றதும் பென்சிலால் குறித்தோம். ஒரு துளை பிசகி, சிமெண்ட் வைத்து அடைத்த தழும்பு இன்னும் தெரிகிறது.

சாயங்காலம் அவர் வந்து பார்த்தார். "சொல்லியிருந்தா நானே மாட்டியிருப்பேனே" என்றார். உண்மைதான். மாட்டியிருப்பார்.

ஒரே வாரத்தில் பலகைமேல் கரண்டு அட்டை, பைக் சாவி, சார்ஜர் எல்லாம் வந்து சேர்ந்தன. கேட்காமல் வந்தவை, நானும் கேட்காமல் எடுத்து ஷோகேஸில் வைத்தேன். மாமியாரின் மூக்குக்கண்ணாடியை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. அவருக்கு இந்த வீட்டில் இருப்பது கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி.